வெளியூர்க்காரர்களின் வெர்மான்ட்: மேடலின் கூனின் ஆளுநரான கதை

1984 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரேகன் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 49-ஐ அள்ளிக்கொண்டு போனார். வெர்மான்ட்டும் அதில் ஒன்று. அங்கே பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 58 சதவீதம் அவருக்குத்தான். அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், அதே மக்கள் தங்கள் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒரு பெண்ணை. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பிறந்தவர், யூதர், நான்கு பிள்ளைகளின் தாய். பெயர் மேடலின் கூனின். 50 சதவீதத்தை மயிரிழையில்தான் தாண்டினார். ஆனாலும் தாண்டிவிட்டார்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் நம்மூர் ராஜ்பவனில் இருப்பவரைப் போல மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட் போடுவது, அதிகாரிகளை நியமிப்பது, மசோதாவில் கையெழுத்திடுவது அல்லது திருப்பி அனுப்புவது எல்லாம் அவர் கையில். நம் கணக்கில் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்வதுதான் சரி. அதே நாட்டில் வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர் ஜனாதிபதி ஆக முடியாது, அரசியலமைப்பே தடுக்கிறது. ஆளுநர் பதவிக்கு அந்தத் தடை இல்லை. வெர்மான்ட்டில் நான்கு ஆண்டு வசித்திருந்தால் போதும்.

கூனினைப் பற்றிப் பேசும்போது பலரும் 'முதல்' பட்டியலிலேயே நின்றுவிடுவார்கள். வெர்மான்ட்டின் முதல் பெண் ஆளுநர், அமெரிக்காவிலேயே ஆளுநரான முதல் யூதப் பெண், மூன்று முறை ஆளுநராகத் தேர்வான முதல் பெண். எல்லாம் உண்மைதான். ஆனால் அகதியாக வந்த ஒருவரால் இவ்வளவு தூரம் வர முடிந்தது எப்படி என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலில் பதில் கிடையாது. அதற்கு அவரை மட்டும் பார்த்தால் போதாது, அந்த மாநிலத்தையும் பார்க்க வேண்டும். என் கணிப்பில், இது குடியேறிய ஒரு பெண்ணின் கதை மட்டுமல்ல. இருபது வருடத்தில் வெளியூர்க்காரர்களால் நிரம்பிய ஒரு மாநிலத்தின் கதையும்கூட.

கூனின் 1933 செப்டம்பரில் பிறந்தார். ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தந்தை ஜெர்மானிய யூதர், தாய் சுவிஸ் நாட்டவர். மேடலினுக்கு நினைவு தெரியும் முன்பே தந்தை இறந்துவிட்டார். அது தற்கொலை என்பது மகளுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1940-இல் ஐரோப்பா முழுக்கப் போர் பற்றி எரிந்தபோது, சுவிட்சர்லாந்தையும் ஹிட்லர் விழுங்கிவிடுவார் என்று பயந்த தாய், மகன் எட்கரையும் ஆறு வயது மேடலினையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி நியூயார்க் வந்தார். கணவர் இல்லை, புது மொழி, கிடைத்த சிறு சிறு வேலைகள். முதலில் நியூயார்க், பிறகு மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊர். ஐரோப்பாவில் தங்கிவிட்ட உறவினர்களில் சிலர் நாஜி முகாம்களில் அழிந்துபோனார்கள்.

தன் அரசியல் ஈடுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கூனினே பின்னாளில் எழுதியிருக்கிறார். அரசியலில் யாரோ எடுக்கும் முடிவு வீட்டுக்குள் வந்து உயிரைக் குடிக்கும் என்பது அந்தக் குடும்பத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. அண்ணன் எட்கர் மேயும் அதே பாதையில்தான் போனார். பத்திரிகையாளரான அவர் பஃபலோ நகர நாளிதழ் ஒன்றில் அரசு நலத்திட்டங்களின் அவலத்தைப் பற்றி எழுதி 1961-இல் புலிட்சர் பரிசு வாங்கினார். பிறகு அவரும் வெர்மான்ட்டுக்கு வந்து சட்டமன்ற உறுப்பினரானார். கப்பலில் கைபிடித்து வந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே மாநிலத்தின் சட்டமன்றத்தில் உட்கார்ந்ததைத் தாய் பார்க்கவில்லை; அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மேடலினும் பத்திரிகையாளராகத்தான் ஆசைப்பட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை முடித்துவிட்டு வேலை தேடிப் போனால், 1950-களின் அமெரிக்கா கதவைச் சாத்தியது. ஒரு பெரிய நாளிதழில் ஆசிரியர் குழுவில் இடம் கேட்டவருக்கு, அலுவலக உணவகத்தில் பரிமாறும் வேலை வேண்டுமானால் இருக்கிறது என்று பதில் வந்தது. கடைசியில் வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகரத்து நாளிதழ்தான் நிருபராகச் சேர்த்துக்கொண்டது. அப்படித்தான் அவர் அந்த மாநிலத்துக்கே வந்தார். அங்கேயே ஆர்தர் கூனின் என்ற மருத்துவரைத் திருமணம் செய்தார். அப்புறம் நான்கு குழந்தைகள், வீடு, சமையல். பத்திரிகை வேலை நின்றுபோனது.

அரசியல் ஒரு ரயில் தண்டவாளத்திலிருந்து தொடங்கியது. தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிற வழியில் ஒரு லெவல் கிராசிங். ரயில் வருவதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு இல்லை. கூனின் மனு எழுதினார், அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார், உரிய அதிகாரிகளிடம் விடாமல் நச்சரித்தார். விளக்கு வந்தது. இப்படி ஒரு சின்ன வெற்றி கிடைத்த எத்தனையோ பேர் அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவருக்கு இன்னொன்றும் நடந்தது. 1970-இல் கணவரின் ஆய்வு விடுப்பில் குடும்பம் ஓராண்டு சுவிட்சர்லாந்தில் தங்கியது. 1971 பிப்ரவரி 7-ஆம் தேதிதான் அந்த நாட்டின் ஆண் வாக்காளர்கள் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை தரச் சம்மதித்தார்கள். ஆம், 1971. இந்தியாவில் அப்போது இந்திரா காந்தி பிரதமராகி ஐந்து வருடம் ஓடிவிட்டது. தான் பிறந்த நாட்டில் பெண்கள் இப்போதுதான் வாக்குச்சீட்டைத் தொடப்போகிறார்கள் என்பதை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பியவர், மறு ஆண்டே தேர்தலில் நின்றார். முதலில் பர்லிங்டன் நகர மன்றத்துக்கு. சொற்ப வாக்குகளில் தோல்வி. அதே 1972 நவம்பரில் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு, வெற்றி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வெர்மான்ட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பத்து வருடம் முன்னால் என்றால் இந்த வெற்றிக்கு வழியே இருந்திருக்காது.

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் வட்டாரத்தின் வடக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டிய மலை மாநிலம் அது. 1980-இல் மொத்த மக்கள்தொகை சுமார் 5 லட்சம்தான். தலைநகர் மான்ட்பீலியர் பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பால்மாடு, மேப்பிள் பாகு, கருங்கல் சுரங்கம். 1850-களிலிருந்து 1962 வரை நூறு வருடத்துக்கு மேல் குடியரசுக் கட்சியைத் தவிர வேறு யாரும் அங்கே ஆளுநராகவில்லை. அதற்கு ஒரு பெரிய காரணம் சட்டமன்றத்தின் அமைப்பு. ஊருக்கு ஒரு உறுப்பினர் என்பது பழைய விதி. முப்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த பர்லிங்டனுக்கும் ஒரே உறுப்பினர், ஐம்பது பேர்கூட இல்லாத மலையூருக்கும் ஒரே உறுப்பினர். சபையில் 246 பேர். பெரும்பாலும் வயதான விவசாயிகள், பழைய குடும்பங்கள். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டமன்றங்களிலும் தொகுதிகள் மக்கள்தொகைக்கு ஏற்பத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வெர்மான்ட் சபை 150 இடங்களாகச் சுருங்கியது. பர்லிங்டனுக்கு ஒன்றுக்குப் பதிலாகக் கொத்தாக இடங்கள் கிடைத்தன. கூனின் ஜெயித்தது அப்படிக் கிடைத்த இடங்களில் ஒன்றை.

கூடவே இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. 1960-களில் தேசிய நெடுஞ்சாலைகள் மலையைக் குடைந்து உள்ளே வந்தன. பாஸ்டனும் நியூயார்க்கும் சில மணி நேரப் பயணமாகிவிட்டன. பனிச்சறுக்கு விடுதிகள் முளைத்தன. நகரம் சலித்துப்போன இளைஞர்கள் நிலம் வாங்கி ஆடு வளர்க்க வந்தார்கள். பழைய வெர்மான்ட்காரர்கள் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள்: ஃபிளாட்லேண்டர், அதாவது சமவெளிக்காரன். நியூயார்க்கிலிருந்து வந்தாலும் சூரிச்சிலிருந்து வந்தாலும் அந்தப் பெயர்தான். ஏழு தலைமுறை அங்கே இருந்தவர்களின் கண்ணில் எல்லோருமே வந்தேறிகள்.

ஜனநாயகக் கட்சி அங்கே எழுந்து நின்றதே இந்த வந்தேறிகளால்தான். பெயர்களை வரிசையாகப் பாருங்கள். 1962-இல் நூறாண்டு வழக்கத்தை உடைத்து ஆளுநரான ஃபிலிப் ஹாஃப், மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1970-களில் ஆளுநராக இருந்த தாமஸ் சால்மன், ஒஹையோவில் பிறந்தவர். கூனின், சூரிச். அவருக்குப் பிறகு வந்த ஹோவர்ட் டீன், நியூயார்க். கட்சிக்கு வெளியே நின்று எல்லோரையும் இடித்துக்கொண்டிருந்த பர்லிங்டன் மேயர் பெர்னி சாண்டர்ஸ், புரூக்ளின்காரர். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் கூனினின் வெளிநாட்டுப் பிறப்பு அவ்வளவு விநோதமாகத் தெரியாது. அவர் சற்று அதிக தூரத்திலிருந்து வந்தவர், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவருக்குப் பின்னால் சொந்தச் சமூக வாக்கு வங்கி என்று எதுவும் கிடையாது. அந்த மாநிலத்தில் யூதர்கள் மிகச் சிறு எண்ணிக்கை. சுவிஸ்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெர்மான்ட் சட்டமன்றம் முழுநேர வேலை இல்லை. ஜனவரியில் கூடி வசந்தத்தில் கலைந்துவிடும். சம்பளம் சொற்பம். உறுப்பினருக்குத் தனி அறையோ உதவியாளரோ இல்லை. சபையில் இருக்கும் நாற்காலிதான் அலுவலகம். கட்சிச் செயலாளர் தயவு, கோடிக்கணக்கில் பணம், பரம்பரை என்று எதுவும் இல்லாமல் ஒரு குடும்பத்தலைவி அங்கே நுழைய முடிந்ததற்கு இந்த எளிமை முக்கியமான காரணம். ஆனால் நுழைவது வேறு, உள்ளே மதிப்புப் பெறுவது வேறு. கூனின் தேர்ந்தெடுத்த இடம் நிதி ஒதுக்கீட்டுக் குழு. பெண் உறுப்பினர்களைக் கல்வி, நலத்துறைக் குழுக்களில் உட்கார வைப்பதே வழக்கமாக இருந்த காலம். இவர் பட்ஜெட்டை வரி வரியாகப் படித்தார். மூன்றாவது தவணையில் அந்தக் குழுவுக்கே தலைவரானார். மாநிலத்தின் ஒவ்வொரு துறையும் எங்கே செலவழிக்கிறது, எங்கே மறைக்கிறது என்பது அவருக்கு அத்துபடியானது. பிறகு அவரைப் பார்த்து 'நிர்வாகம் தெரியுமா' என்று யாரும் எளிதில் கேட்க முடியவில்லை. அவர் செய்த மிகச் சாமர்த்தியமான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1978-இல் துணை ஆளுநர் தேர்தலில் பீட்டர் ஸ்மித் என்ற குடியரசுக் கட்சிக்காரரைத் தோற்கடித்தார். வெர்மான்ட்டில் துணை ஆளுநர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்; ஆகவே ஆளுநர் ரிச்சர்ட் ஸ்னெல்லிங் ஒரு கட்சி, துணை ஆளுநர் கூனின் இன்னொரு கட்சி. 1982-இல் ஸ்னெல்லிங் இனி நிற்கமாட்டேன் என்றார். கூனின் களத்தில் இறங்கினார். ஸ்னெல்லிங் மனம் மாறி மறுபடியும் நின்றார், ஜெயித்தார். கூனினுக்குப் பதவியும் போனது. பல பேரின் அரசியல் வாழ்க்கை இந்த இடத்தில் முடிந்துவிடும். இரண்டு வருடம் கழித்து ஸ்னெல்லிங் உண்மையாகவே விலகியபோது, மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது தலைமைச் சட்ட அதிகாரி ஜான் ஈஸ்டனை எதிர்த்து நின்று, முன்பு சொன்னபடி மயிரிழையில் வென்றார். தன் கணவர் முன்பு ஆளுநராக இருந்தார் என்ற அடையாளம் இல்லாமல், சொந்த அரசியலால் ஆளுநரான நான்காவது அமெரிக்கப் பெண் அவர்.

மயிரிழை ஏன் முக்கியம் என்றால், வெர்மான்ட் அரசியலமைப்பில் ஒரு பழைய விதி உண்டு. பதிவான வாக்கில் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை என்றால், முதல் மூன்று பேரில் ஒருவரைச் சட்டமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். 1986-இல் கூனினுக்கு இதுதான் நேர்ந்தது. ஆளுநர் பதவிக்காலம் இரண்டே ஆண்டு என்பதால் உட்கார்ந்த சூடு ஆறும் முன்பே அடுத்த தேர்தல். வலது பக்கம் பழைய எதிரி பீட்டர் ஸ்மித். இடது பக்கம் சுயேச்சையாக சாண்டர்ஸ். கூனின் போதுமான அளவு துணிச்சல் காட்டவில்லை, பணக்காரர்களிடம் மென்மையாக இருக்கிறார் என்பது சாண்டர்ஸின் வாதம். கூனினுக்கு 47 சதவீதம், ஸ்மித்துக்கு 38, சாண்டர்ஸுக்கு 14. முடிவு சட்டமன்றத்துக்குப் போனது. 1987 ஜனவரியில் உறுப்பினர்கள் வாக்களித்து, அதிக வாக்கு பெற்றவருக்கே பதவி என்ற மரபைக் காப்பாற்றினார்கள். 1988-இல் இந்தச் சிக்கல் இல்லாமல் தெளிவாகவே ஜெயித்தார்.

ஆறு ஆண்டில் என்ன செய்தார்? வந்தபோது கருவூலத்தில் பற்றாக்குறை. பட்ஜெட் குழு அனுபவம் கைகொடுத்தது, அதை அடைத்தார். பள்ளிகளுக்கு நிதி கூடியது. 1987-இல் வீட்டு வசதிக்கும் நிலப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே நிதியம் உருவானது. ஏழைக்கு வீடு கேட்பவர்களும் வயல்வெளியைக் காப்பாற்றச் சொல்பவர்களும் வழக்கமாக ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த ஏற்பாடு இது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1989-இல் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் 'டாக்டர் டைனசோர்' திட்டம் வந்தது. பின்னர் டீன் அதைப் பெரிதாக்கிப் புகழ் வாங்கிக்கொண்டதால் அது தொடங்கியது யார் காலத்தில் என்பது பலருக்கு மறந்துபோனது. நியமனங்களில் பெண்களுக்கு இடம் கொடுத்தார். மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி டெனிஸ் ஜான்சன் அவர் நியமித்தவர். காடுகள், பூங்காக்கள் துறைக்கு அவர் கொண்டுவந்த மாலி பீட்டி, பிறகு அமெரிக்க மீன், வனவுயிர்ச் சேவையின் முதல் பெண் இயக்குநரானார்.

அவரை அதிகம் திட்டவைத்த சட்டம் 1988-இன் 200-ஆம் எண் சட்டம். வயல்கள் மனையாகி, மலைச்சரிவுகளில் விடுமுறை வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஊரும் தன் நிலத்தை எதற்குப் பயன்படுத்தப்போகிறது என்று திட்டம் போட வேண்டும், அது வட்டார, மாநில இலக்குகளோடு ஒத்துப்போக வேண்டும் என்றது சட்டம். படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெர்மான்ட்டில் மார்ச் முதல் செவ்வாயன்று ஊர்க்காரர்கள் மண்டபத்தில் கூடி வரியிலிருந்து சாலை வரை கைதூக்கி முடிவு செய்வார்கள். கிட்டத்தட்ட நம் கிராம சபை, ஆனால் உண்மையான அதிகாரத்தோடு. அந்தக் கூட்டங்களில் பல ஊர்கள் இந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தன. நிலத்தைத் தவிர வேறு சொத்தில்லாத விவசாயிக்கு, கடைசிக் காலத்தில் அதை மனை போட்டு விற்பதுதான் ஓய்வூதியம். அழகைத் தேடி வந்த வந்தேறிகள், தாங்கள் வீடு கட்டி முடித்ததும் கேட்டைப் பூட்டப் பார்க்கிறார்கள் என்ற கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியூர்க்காரர்களின் வருகை கூனினுக்குப் பதவி தந்தது. அவர் ஆட்சியின் மிகப் பெரிய சண்டையும் அதே வருகையைப் பற்றியதாகவே அமைந்தது.

1990-இல் நான்காவது முறை நிற்கவில்லை. நியூ இங்கிலாந்தின் பொருளாதாரம் சரியத் தொடங்கியிருந்தது, அடுத்து வருபவர் வரி போட்டே ஆக வேண்டும். ஸ்னெல்லிங் திரும்பி வந்து ஜெயித்து, வரியை உயர்த்தி, 1991 ஆகஸ்ட்டில் பதவியிலேயே இறந்தார். துணை ஆளுநராக இருந்த டீன் நாற்காலிக்கு வந்தது அப்படித்தான்.

1992-இல் ஜனாதிபதி தேர்தலில் நின்ற பில் கிளின்டனுக்குத் துணை ஜனாதிபதி வேட்பாளரைத் தேடிய மூவர் குழுவில் கூனினும் இருந்தார். குடியேறியவர் என்பதால் தான் வகிக்கவே முடியாத பதவிக்கு ஆள் தேடும் வேலை! பிறகு மத்தியக் கல்வித் துறையில் துணைச் செயலராக இருந்தார். 1996-இல் சுவிட்சர்லாந்துக்கான அமெரிக்கத் தூதராக அனுப்பப்பட்டார். போய்ச் சேர்ந்த நேரம் சாதாரணமானதல்ல. நாஜிகளிடம் சிக்கி அழிந்த யூதர்கள் சுவிஸ் வங்கிகளில் போட்டுவைத்த பணம் எங்கே என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்தது. வாரிசுகள் போய்க் கேட்டால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்று வங்கிகள் திருப்பி அனுப்பிய கதைகள் வெளியே வந்தன. நாஜி முகாமில் யார் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள்? 1997 ஜூலையில் வங்கிகள் உரிமை கோரப்படாத கணக்குகளின் பட்டியலை வெளியிட்டன. அதில் தூதரின் தாய் பெயரும் இருந்தது. இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேச வந்தவரின் குடும்பப் பெயரே பட்டியலில்! 1998 ஆகஸ்ட்டில் வங்கிகள் 125 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

வெர்மான்ட்டுக்குத் திரும்பிய பிறகு எழுதினார், கற்பித்தார். அரசியலுக்கு வர விரும்பும் ஜனநாயகக் கட்சிப் பெண்களுக்குத் தேர்தல் வேலையைச் சொல்லிக் கொடுக்க எமெர்ஜ் வெர்மான்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதற்கான தேவை இருந்தது. முற்போக்கு என்று பெயரெடுத்த இந்த மாநிலம், நாடாளுமன்றத்துக்கு ஒரு பெண்ணைக்கூட அனுப்பாத ஒரே மாநிலமாக 2022 வரை இருந்தது. அந்த ஆண்டு அங்கே ஜெயித்த பெக்கா பாலின்ட் எமெர்ஜ் வெர்மான்ட்டில் பயிற்சி எடுத்தவர். பிறந்தது ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில். ஆளுநர் நாற்காலியிலோ, கூனினுக்குப் பிறகு 2024 தேர்தல் வரை இன்னொரு பெண் உட்காரவில்லை.